குழந்தைகள் ஏன் குறைகின்றன? பந்தியில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

சுகாதாரத் துறையில் வட்டாரப் புள்ளியியலாளராக முப்பத்தோரு ஆண்டுகள் ஓட்டியவன் நான். பிறப்பு, இறப்பு, தடுப்பூசி, ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் கட்டம் போட்ட பதிவேட்டில் ஏற்றுவதே பிழைப்பு. பணியில் இருந்தவரை அந்த எண்களைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு கல்யாண வீடு, ரேஷன் கடை, பல் மருத்துவர் வாசல் என்று போகுமிடமெல்லாம் அதே கேள்விகள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன். பேச்சு பெரும்பாலும் தமிழ்நாட்டைப் பற்றியது. தேவைப்பட்ட இடத்தில் மட்டும் வெளியூர் போய்வருகிறேன்.

பிறப்பு விகிதம் என்கிறார்கள், கருவள விகிதம் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. பிறப்பு விகிதம் என்பது ஆயிரம் பேர் உள்ள மக்கள்தொகையில் ஓராண்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்ற கணக்கு. 2023இல் இந்தியாவுக்கு இது 18.4, தமிழ்நாட்டுக்கு 12. பெரிய மாநிலங்களில் இதுவே மிகக் குறைவு. ஆனால் ஊரில் கிழவர்கள் கூடிவிட்டால் இந்த எண் தானாகவே இறங்கும். பெண்கள் எத்தனை பெறுகிறார்கள் என்பதை இது நேராகச் சொல்லாது.

அதைச் சொல்வது கருவள விகிதம். இன்று இருபது வயதுக்காரி, இருபத்தைந்து வயதுக்காரி, முப்பது வயதுக்காரி பெறும் வேகத்திலேயே ஒரு பெண் தன் காலம் முழுவதும் பெற்றால் அவளுக்கு எத்தனை குழந்தைகள் இருக்கும் என்ற சராசரி அது. கீழே நான் ‘சராசரி’ என்று சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொல்கிறேன்.

அப்பா ஒன்று, அம்மா ஒன்று, ஆக இரண்டு போதும். 2.1 என்று எதற்கு அந்தப் புள்ளி ஒன்று?

இயற்கையில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் கொஞ்சம் அதிகமாகவே பிறக்கின்றன. பிறந்த பெண்களிலும் சிலர் தாயாகும் வயதுக்கு முன்பே இறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டு ஓட்டையையும் அடைக்கத்தான் புள்ளி ஒன்று. குழந்தைச் சாவு அதிகமுள்ள நாட்டில் 2.1 போதாது, இன்னும் கூடுதலாக வேண்டும்.

சராசரி 1.3 ஆக இருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு தாய்மாரின் இடத்தில் ஏறத்தாழ 62 மகள்கள், அவர்களின் இடத்தில் 38 பேத்திகள். வெளியூரிலிருந்து யாரும் வராமல், வேகமும் மாறாமல் இருந்தால் இரண்டே தலைமுறையில் இவ்வளவு சுருங்கும்.

ஒரு நாளிதழில் 1.8 என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 1.3. எவன் பொய் சொல்கிறான்?

ஒருவரும் இல்லை. 1.8 என்பது 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. அதில் வீட்டுக்குப் போய்ப் பெண்களிடமே கேட்பார்கள். 1.3 என்பது மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கு. தேர்ந்தெடுத்த சில ஊர்களில் ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து குறித்துக்கொண்டே வந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொருவர் போய்ச் சரிபார்ப்பார். ஆண்டும் வேறு, முறையும் வேறு.

எது சரி என்று அடித்துப் பேசாதீர்கள். இரண்டுமே 2.1க்குக் கீழே இருக்கின்றன. தமிழ்நாடு அந்தக் கோட்டைத் தாண்டி இறங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ‘திடீரென்று குறைந்துவிட்டது’ என்று தொலைக்காட்சியில் சொல்பவர்கள் திடீரென்று விழித்துக்கொண்டவர்கள்.

குறைகிறது குறைகிறது என்கிறீர்கள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையே?

முன்பு நிறையப் பிறந்த பெண்கள் இப்போது தாய்மாராக இருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பெற்றாலும், பெறுபவர்களின் தலை எண்ணிக்கை பெரிது. கூடவே, அறுபதில் போய்ச் சேர்ந்தவர்கள் இப்போது எண்பது வரை இருக்கிறார்கள். மோட்டாரை நிறுத்திய பிறகும் கிணற்றுக் குழாயில் கொஞ்ச நேரம் தண்ணீர் வருவதைப் போல. 2011இல் 7.21 கோடியாக இருந்த தமிழ்நாடு 2036இல் 7.8 கோடியைத் தொடும் என்பது மத்திய அரசு அமைத்த வல்லுநர் குழுவின் கணிப்பு. வளர்ச்சி அந்த அளவோடு ஏறக்குறைய நின்றுவிடும்.

அரசாங்கம்தானே பிடித்துப் பிடித்து ஆபரேஷன் செய்து குறைத்தது?

பாதி உண்மை. அந்தப் பாதி அழகானதல்ல. 1952இல் உலகிலேயே முதன்முதலாக அரசுத் திட்டமாகக் குடும்பக் கட்டுப்பாட்டை ஏற்றது இந்தியா. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ வாசகமும் எழுதாத சுவர் அன்று இல்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976-77 ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் நடந்தன. பெரும்பாலும் ஆண்களுக்கு. அந்தக் கோபத்தில் ஆட்சி போனது. அதன்பிறகு எந்தக் கட்சியும் ஆண்கள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சுமை முழுவதையும் பெண்களின் வயிற்றில் ஏற்றிவிட்டார்கள். இன்றும் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது டார்கெட் இருந்தது. மாதத்துக்கு இத்தனை ‘கேஸ்’ என்று கிராம சுகாதாரச் செவிலியர்களின் தலையில் கட்டுவார்கள். மார்ச் மாதம் வந்தால் அந்தப் பெண்கள் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. ஒருவர் கேஸை இன்னொருவர் தட்டிக்கொண்டு போய்விட்டதாகச் சண்டை வரும். 1996இல் டார்கெட்டை எடுத்தார்கள். எடுத்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று அலுவலகத்தில் பலரும் நினைத்தோம். சரியவில்லை. தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் இரண்டு குழந்தைகளுக்கு நேரே ‘நிரந்தரம்’, அதாவது ஆபரேஷன் ஆகிவிட்டது என்று நான் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். பெண்கள் தாமாகவே வந்தார்கள். பல பேர் மாமியாருக்குத் தெரியாமல் வந்தார்கள்.

அதாவது சிறிய குடும்பம் வேண்டும் என்ற எண்ணம் முன்பே ஊறியிருந்தது, அரசு வசதியைக் கொடுத்தது. பெரியார் 1930 வாக்கிலேயே ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமை, பெண்களின் உடல்நலம் என்று காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் அவர். அந்தப் பேச்சு டீக்கடை வரை போன மாநிலம் இது.

பெண்களைப் படிக்க வைத்ததுதான் வினை என்கிறார் என் மாமனார். சரியா?

படிப்புக்குப் பங்கு உண்டு. படிக்கிற பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, கல்யாணம் தள்ளினால் பிள்ளைப்பேறும் தள்ளுகிறது. பெண்ணைப் பள்ளியில் நிறுத்திவைக்க அரசும் விடாமல் முயன்றது. 1989இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி படித்த பெண்ணுக்குத்தான் என்று நிபந்தனை போட்டது. 2022இல் அதையே கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றினார்கள்.

ஆனால் உங்கள் மாமனார் கவனிக்காத ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் எழுத்தறியாத பெண்களும் இரண்டோடு நிறுத்தினார்கள். காரணம், பிறந்தது பிழைக்கும் என்ற நம்பிக்கை. 1970களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் ஒரு வயதுக்குள் செத்தன. 2020இல் அது 13. நான்கு பெற்றால் இரண்டு தங்கும் என்றிருந்த காலத்தில் நான்கு பெற்றார்கள். இரண்டு பெற்றால் இரண்டும் தங்கும் என்று ஆனபின் எதற்கு நான்கு? ஊர் ஊருக்கு ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி, 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவு, மூலைமுடுக்கெல்லாம் போன பஸ் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

தெருவுக்குத் தெரு கருத்தரிப்பு மையம் முளைத்திருக்கிறதே. பிராய்லர் கோழி, பிளாஸ்டிக், செல்போன் இவைதானே காரணம்?

குழந்தையில்லாத் துயரம் உண்மை. தாமதமான திருமணம், உடற்பருமன், சினைப்பை நீர்க்கட்டி, ஆண்களின் விந்தணுக் குறைபாடு எல்லாம் மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பவை. உலக அளவில் விந்தணு எண்ணிக்கை குறைகிறதா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் மாநிலத்தின் சராசரி இறங்கியதற்கு அது முதன்மைக் காரணமல்ல. இருபதுகளின் நடுவிலேயே இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன் செய்துகொள்ளும் பெண்களே அதிகம். பெற முடியாமல் போனவர்களைவிட, போதும் என்று நிறுத்தியவர்கள் பல மடங்கு.

கோழிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நான் பார்த்த எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

எங்களுக்கு ஒன்றே போதும் என்று முடிவெடுத்துவிட்டோம். ஊரார் சுயநலம் என்கிறார்கள். நீங்கள்?

‘ஒன்றே ஒன்று, கண்ணே கண்ணு’ என்று கொஞ்சும் அதே ஊர்தான் இதையும் சொல்லும். விட்டுத்தள்ளுங்கள். முன்பு பத்து வயதுப் பிள்ளை ஆடு மேய்த்து வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது. இப்போது அதே பிள்ளைக்கு எல்கேஜி கட்டணத்துக்கு நகை அடகுக் கடைக்குப் போகிறது. பிள்ளை சொத்தாக இருந்தது போய்ச் செலவாக ஆனபோது எண்ணிக்கை குறைவது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய காரணம் என்று நான் நினைப்பது நேரம். 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஈடுபடும் ஆண் 97 நிமிடம். ‘ஈடுபடும் ஆண்’ என்பதைக் கவனியுங்கள். அப்படிப்பட்டவர் நான்கில் ஒருவர்தான். இந்தியாவின் பெண் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஷிப்ட் முடித்து வந்து இன்னொரு ஷிப்ட் பார்ப்பவள் இரண்டாவது குழந்தையைப் பற்றி எப்போது யோசிப்பாள்?

ஆண் வாரிசு ஆசை இருக்கும்வரை குடும்பம் சிறிதாகாது என்பார்களே?

சிறிதாகிவிட்டது, ஆசை மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் விபரீதம். ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஒரு ஆண் என்று இரண்டோடு நிறுத்த நினைத்தவர்கள், இரண்டும் பெண்ணாகிவிடுமோ என்று பயந்தார்கள். பெண் சிசுக்கொலைக்காக உசிலம்பட்டியும் சேலமும் செய்தியில் அடிபட்டது அப்போதுதான். வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடச் சொல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கியது. 1994இல் கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. இதைப் பற்றி எனக்குத் தெரிந்த சில கதைகளை எழுத மனம் வரவில்லை.

குறைந்தால் நல்லதுதானே? ஆளுக்குக் கூடுதலாக ஒரு கவளம் கிடைக்குமே?

கொஞ்ச காலத்துக்கு நல்லதுதான், அதை நாம் அனுபவித்தும்விட்டோம். குழந்தைகள் குறைந்து, முதியவர்கள் இன்னும் கூடாத அந்த இடைவெளியில் உழைக்கும் வயதினர் அதிகம். தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். அந்த இடைவெளி மூடிக்கொண்டிருக்கிறது.

2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் அறுபது கடந்தவர்கள் 13.6 சதவீதம், 2031இல் 18.2 சதவீதம். ஏழு பேருக்கு ஒருவர் என்பது ஐந்தரைப் பேருக்கு ஒருவராகிறது. கேரளம் நமக்குச் சற்று முன்னால் இதே பாதையில் போகிறது. என்னை உறுத்துவது வேகம். அறுபத்தைந்து கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக பிரான்சுக்கு 115 ஆண்டுகள் ஆயின, தென்கொரியாவுக்கு 18 ஆண்டுகள். பிரான்சு பணக்கார நாடாகிவிட்டு நிதானமாகக் கிழடானது. நாமோ முதியோர் உதவித்தொகையை 2023இல் ரூ.1,200 ஆக உயர்த்தியதையே சாதனையாகப் பேசும் நிலையில் இருக்கிறோம். அந்தப் பணத்தில் ஒருவருடைய மாத்திரைச் செலவு அடங்குமா என்று மருந்துக் கடையில் கேட்டுப்பாருங்கள்.

பள்ளிக்கூடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிள்ளைகூடச் சேராமல் பூட்டிக் கிடக்கும் தொடக்கப் பள்ளி உங்கள் ஒன்றியத்திலேயே இருக்கலாம். தனியார் பள்ளி வேன் ஒரு காரணம், பிள்ளையே இல்லாதது இன்னொன்று.

உறவு முறையெல்லாம் என்ன ஆகும்? என் பேத்திக்கு அத்தையும் இல்லை, மாமாவும் இல்லை.

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு காதுகுத்து வீட்டில் என் பக்கத்து இலைக்காரர். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்த வேண்டும், குழந்தையின் அம்மா ஒற்றைப் பிள்ளை. கடைசியில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தார்கள். சீர்த்தட்டும் அவர் கையில்தான் கொடுக்கப்பட்டது, காசு யாருடையது என்பது வேறு விஷயம்.

இரண்டு தலைமுறை ஒற்றைப் பிள்ளையாகப் போனால் அத்தை, மாமா, சித்தி, பெரியப்பா, அத்தை மகன், மாமன் மகள் எல்லாம் பாடப்புத்தகத்துச் சொற்களாகிவிடும். எந்தப் புள்ளிவிவர அட்டவணையிலும் இதற்குக் கட்டம் இல்லை. நடைமுறையில் இதன் பொருள் என்னவென்றால், ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு இருக்க முறை வைத்து மாற்றிக்கொள்ள ஆள் இல்லை. நான்கு பேர் தூக்க வேண்டியதை ஒருவர் தூக்க வேண்டும்.

மக்கள்தொகையைக் குறைத்ததற்குத் தண்டனையாக எம்.பி. தொகுதி குறையும் என்கிறார்களே, அது என்ன?

மக்களவைத் தொகுதிகளை மாநிலங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரிப்பது அரசமைப்பின் விதி. தமிழ்நாட்டுக்கு இது புதிய அடியல்ல. 1962இல் 41 ஆக இருந்த தொகுதிகள் 1967இல் 39 ஆயின. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறும் மாநிலங்கள் இழக்கக் கூடாது என்றுதான் 1976இல் 42ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு அந்தப் பங்கீட்டை உறையவைத்தது. 2001இல் 84ஆவது திருத்தம் அதை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது.

ராஜஸ்தானோடு ஒப்பிட்டால் விளங்கும். 1971இல் தமிழ்நாடு 4.12 கோடி, ராஜஸ்தான் 2.58 கோடி. 2011இல் நாம் 7.21 கோடி, அவர்கள் 6.85 கோடி. பழைய கணக்கில் நமக்கு 39 இடம், அவர்களுக்கு 25. புதிய கணக்கில் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடும். ‘ஒரு மனிதருக்கு ஒரே மதிப்புள்ள வாக்கு’ என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, சொன்னபடி நடந்தவனைத் தண்டிக்காதே என்று நாம் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நிதிப் பகிர்வில் ஒரு சமரசம் செய்தார்கள். 15ஆவது நிதி ஆணையம் 1971 கணக்கை விட்டு 2011க்கு மாறியது. ஈடாக, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுச் செயல்பாட்டுக்கு 12.5 சதவீத எடை கொடுத்தது. தொகுதிகளுக்கும் அப்படி ஒரு வழி தேட வேண்டும் என்பது என் கருத்து.

அப்படியானால் பதினாறும் பெறச் சொல்கிறார்களே, அதில் என்ன தவறு?

2024 அக்டோபரில், முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் ஒரு திருமண விழாவில் தொகுதிக் கவலையோடு சேர்த்து அந்தப் பதினாறை எடுத்தார். ஆந்திர முதலமைச்சரும் அதே நாட்களில் கூடுதலாகப் பெறச் சொன்னார். இரண்டுக்கு மேல் பிள்ளை இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற விதியை அந்த மாநிலம் அந்த ஆண்டே நீக்கியது. முதலில் சொல்லிவிடுகிறேன், வாழ்த்தில் வரும் பதினாறு என்பது பிள்ளைகள் அல்ல. கல்வி, புகழ், நோயின்மை என்று போகும் பதினாறு பேறுகள். பதினாறு பிள்ளை பெற்ற எந்தத் தாயும் அந்தப் பட்டியலில் உள்ள நோயின்மையைப் பார்த்திருக்க மாட்டாள்.

மேடையில் பேசுவதற்கும் கோப்பில் இருப்பதற்கும் இடையே தூரம் அதிகம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி ரூ.18,000 இரண்டு பிரசவத்துக்குத்தான். மூன்றாவது பிள்ளைக்கு மகப்பேறு விடுப்பு இல்லை என்று மறுக்கப்பட்ட தமிழக அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 மே மாதம்தான் தனக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். ஐம்பது ஆண்டுகள் நிறுத்து என்றவர்கள் இப்போது பெறு என்கிறார்கள். இரண்டு முறையும் மேடையில் பேசுபவர் பெறுபவர் அல்ல.

பணம் கொடுத்தால் பெறுவார்களா? வெளிநாட்டில் செய்கிறார்களாமே?

செய்கிறார்கள். சிங்கப்பூர் 1970களில் ‘இரண்டோடு நிறுத்து’ என்றது. 1987இல் ‘வசதியிருந்தால் மூன்று அல்லது அதற்கு மேல்’ என்று திருப்பியது. 2001இல் குழந்தைப் போனஸ் கொடுக்கத் தொடங்கியது. 2023இல் அதன் சராசரி 0.97. தென்கொரியா கொட்டாத பணமில்லை, 2024இல் 0.75. சீனா 2016இல் இரண்டு, 2021இல் மூன்று என்று கதவைத் திறந்துவிட்டது. 2022 முதல் அதன் மக்கள்தொகை சுருங்குகிறது. ஹங்கேரியில் நான்கு பெற்ற தாய்க்கு வருமான வரியே இல்லை. அங்கே எண் கொஞ்சம் ஏறி, மறுபடி இறங்கிவிட்டது.

கட்டாயப்படுத்திய கதையும் உண்டு. 1966இல் ருமேனியா கருக்கலைப்பைத் தடை செய்தது. மறு ஆண்டே சராசரி 1.9இலிருந்து 3.7 ஆகப் பாய்ந்தது, பிறகு சில ஆண்டுகளில் சரிந்தது. நடுவில் கள்ளத்தனமான கருக்கலைப்பில் ஆயிரக்கணக்கான பெண்கள் செத்தார்கள், அநாதை இல்லங்கள் நிரம்பின. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்த கையோடு அந்த ஆணையும் போனது. பிள்ளைக் காப்பகம், தகப்பனுக்கும் விடுப்பு என்று நிதானமாகச் செய்த நாடுகள் மற்றவர்களைவிடச் சற்று மேலே நின்றன. அவையும் இப்போது இறங்குகின்றன.

நாம் குறைத்துக்கொண்டிருக்க, முஸ்லிம்கள் பெருகிவிடுவார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

1992-93 குடும்பநலக் கணக்கெடுப்பில் முஸ்லிம் பெண்களின் சராசரி 4.4, இந்துப் பெண்களுடையது 3.3. 2019-21இல் 2.36க்கு 1.94. இடைவெளி 1.1இலிருந்து 0.4 ஆகிவிட்டது. வேகமாக இறங்கியது யார் என்று நீங்களே பாருங்கள். மதத்தைவிட ஊர்தான் பேசுகிறது. தமிழ்நாட்டு முஸ்லிம் பெண்ணைவிட பீகார் இந்துப் பெண்ணுக்குத்தான் குழந்தைகள் அதிகம். காரணங்கள் மேலே படிப்பு பற்றிய பதிலில் சொன்னவைதான்.

ஆள் குறைந்தால் வடமாநிலத்தவர் வந்து நிரப்பிவிடுவார்கள், அப்புறம் என்ன கவலை?

வந்துவிட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கோவை வார்ப்படப் பட்டறையிலும் டெல்டாவின் நடவிலும் அவர்கள் கை இருக்கிறது. ஆனால் பீகாரின் சராசரியே 2023இல் 2.8 ஆகிவிட்டது, இந்தியா முழுமைக்கும் 1.9. அந்த ஊற்றும் மெல்ல வற்றும். தவிர, வருபவர் பெரும்பாலும் தனியாளாக வந்து தகரக் கொட்டகையில் தங்கித் திரும்பிப் போகிறார். குடும்பத்தோடு தங்க வீடும், அவர் பிள்ளைக்குப் பள்ளியில் இடமும் கொடுத்தால் பூட்டிய பள்ளிகள் சில திறக்கலாம். இதைச் சொன்னால் பந்தியில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்த நீங்களே என் மருமகளிடம் எடுத்துச் சொல்லுங்களேன், இரண்டாவது பெற்றுக்கொள்ளச் சொல்லி?

மாட்டேன். டார்கெட் காலத்தில் பெறாதே என்று சொல்லப் போனவர்களின் கணக்கை எழுதியவன் நான். இப்போது பெறு என்று சொல்லப் போகும் வேலை வேண்டாம். இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாளிடம் பதிலுக்கு ஒன்று கேட்டேன், முதல் பேரனைப் பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. ‘அவளேதான், வேலையை விட்டுவிட்டாள்’ என்றார். உங்கள் மகன், என்றேன். ‘அவனுக்கு ஏது நேரம்’ என்றார்.